முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி: விமானம் ஏறுமுன் சரக்கை விசாரிப்போம்



விடியற்காலை கடை திறந்தது முதல் இரவு கணக்கு முடிக்கும் வரை நின்றும், மண்டியில் சம்மணமிட்டு உட்கார்ந்தும், மூட்டை புரட்டியும், கிட்டங்கிப் படியில் ஏறி இறங்கியும் பிழைப்பு நடத்துகிறவர்கள் நாம். ஐம்பது வயதைத் தாண்டிய நம் உறுப்பினர்களில் முழங்கால் வலி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது பருப்பு விலையை. அடுத்தபடியாக விசாரிப்பது முழங்காலை.

இந்த வலிக்கு இப்போது புதிதாக ஒரு வைத்தியம் பேசப்படுகிறது. வெளிநாட்டுக்குப் போய் 'ஸ்டெம் செல்' ஊசி போட்டுக் கொண்டால் ஆபரேஷன் வேண்டியதில்லை, தேய்ந்த மூட்டு மறுபடி வளர்ந்துவிடும், நாலாம் நாள் நடந்தே ஊர் திரும்பலாம் என்கிறார்கள். கைபேசியில் படம் வருகிறது. வழவழப்பான காகிதத்தில் விளம்பரப் புத்தகம் வருகிறது. விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி முடிக்க ஏஜெண்டும் வருகிறார்.

நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக் கொண்டு மொத்த வியாபாரத்துக்கு வந்தவர்கள். ஆனால் சரக்கை விசாரிக்காமல் பணம் அனுப்பக்கூடாது என்பது இந்தத் தொழில் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம். தெரிந்த எலும்பு மருத்துவர்களிடமும், ஆங்கில மருத்துவ ஏடுகளைப் படித்துச் சொல்லக்கூடிய உறவினர் பிள்ளைகளிடமும் பல மாதங்களாகக் கேட்டு அறிந்தவற்றை உறுப்பினர்களின் நன்மை கருதி இங்கே எழுதுகிறோம்.

ஸ்டெம் செல் என்பது பொய்யா?

பொய் அல்ல. நம் உடம்பிலுள்ள செல்களில் பெரும்பாலானவை ஒரே வேலையைச் செய்யப் பிறந்தவை. தோல் செல் தோலாகவே இருக்கும். நரம்பு செல் நரம்பாகவே இருக்கும். சில செல்கள் மட்டும் தம்மைப் பெருக்கிக் கொள்வதோடு வேறு வகைச் செல்களாக மாறும் திறனும் உடையவை. இவற்றையே ஸ்டெம் செல் என்கிறார்கள். குருத்தணு என்றும் தமிழில் எழுதுகிறார்கள்.

எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்தான் நமக்கு நாள்தோறும் ரத்தத்தை உண்டாக்குகிறது. ரத்தப் புற்றுநோய்க்கும், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கும் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்தச் செல்லை நம்பித்தான் நடக்கிறது. இதற்கு வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதலே இந்தச் சிகிச்சை நடந்து வருகிறது. இதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம்.

ஆகவே ரத்த நோய்க்கு ஸ்டெம் செல் என்பது சோதித்துத் தேர்ந்த சரக்கு. அந்த நல்ல பெயரை வைத்துக் கொண்டு மூட்டு, தசை, முதுகு, பக்கவாதம் என்று எல்லாவற்றுக்கும் விற்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மூட்டுக்குள் நடப்பது என்ன?

முழங்காலில் இரண்டு எலும்புகள் உரசாமல் இருக்க அவற்றின் முனையில் வழவழப்பான குருத்தெலும்பு பூசினாற்போல் இருக்கிறது. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. அதனால் தோலில் பட்ட காயம் ஆறுவது போல அது ஆறுவதில்லை. வயது, உடல் எடை, பழைய அடி, வேலையின் தன்மை ஆகியவற்றால் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

ஸ்டெம் செல்லை ஊசியாக ஏற்றினால் அது குருத்தெலும்பாக மாறித் தேய்ந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதே விளம்பரங்களின் சாரம். இதற்கு அவர்கள் பயன்படுத்துவது எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள் கொடி முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகைச் செல். அதற்கு 1991-ல் 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் சூட்டியவர் ஆர்னால்டு கேப்லன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி. அவரே 2017-ல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். இந்தச் செல்கள் உடம்புக்குள் போய் வேறு திசுவாக மாறுவதில்லை. சில ரசாயனங்களைச் சுரந்து சுற்றியுள்ள திசுவுக்குச் செய்தி சொல்லுகின்றன, அவ்வளவே என்பது அவர் சொன்ன காரணம். ஸ்டெம் செல் என்ற பெயரே நோயாளிகளைத் தவறான நம்பிக்கைக்கு அழைத்துச் செல்கிறது என்றும் அவர் கருதினார். பெயர் வைத்தவரே பெயரை மாற்றச் சொன்ன பிறகும் பழைய லேபிளை ஒட்டித்தான் விற்பனை நடக்கிறது.

ஏன் வெளிநாட்டுக்கு அழைக்கிறார்கள்?

உள்ளூரில் விற்க முடியாத சரக்கை அயலூரில் விற்பது வியாபாரத்தில் புதிதல்ல. இந்தச் சிகிச்சையில் அது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து மருத்துவமனை ஒன்று, நோயாளியின் மஜ்ஜையிலிருந்து செல்லை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கி, மூட்டில் ஏற்றி வந்தது. அப்படி வளர்த்த செல் மருந்து என்றே கருதப்படும், மருந்துக்குரிய சோதனையும் அனுமதியும் வேண்டும் என்று அரசு வழக்காடியது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு அந்த வளர்ப்புச் செல் சிகிச்சை வேண்டுவோர் கேமன் தீவுகளுக்குச் சென்றார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் இதேபோல் தொழில் செய்த கம்பெனிக்கு 2012-ல் அரசின் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் மெக்சிகோவின் கான்குன் நகருக்கு அனுப்பப்பட்டார்கள்.

தென் கொரியாவிலும் அதே கதைதான். உள்நாட்டில் அனுமதி இல்லாததால் கொரியர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். 2010-ல் கியோட்டோ நகரில் செல் ஏற்றிக் கொண்ட 73 வயதுக் கொரியர் ஒருவர் நுரையீரல் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு இறந்தார். அதன் பிறகும் கூட்டம் குறையவில்லை. ஃபுகுவோக்கா நகரில் ஒரே கிளினிக்கில் மாதம் 500 கொரியர்கள் வரை சிகிச்சை பெறுவதாக 2012-ல் ஜப்பானியப் பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகுதான் ஜப்பான் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றி 2014 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இப்போது காற்று வேறு பக்கமும் வீசுகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், மத்திய அரசின் அங்கீகாரம் பெறாத ஸ்டெம் செல் சிகிச்சையை எலும்பு மூட்டு, வலி, புண் ஆகியவற்றுக்கு டாக்டர்கள் அளிக்கலாம் என்று 2025 ஜூலை முதல் சட்டம் செய்திருக்கிறது. ஆனால் 'இது அங்கீகாரம் பெறாதது' என்று நோயாளிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே விதித்திருக்கிறது. ஒரு நாட்டில் சட்டம் இடம் கொடுக்கிறது என்பது வேறு, அந்த மருந்து குணமளிக்கும் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு. நமக்குப் பழகிய முறையில் சொன்னால், கடைக்கு லைசென்சு இருப்பதால் கடையிலுள்ள நெய்யெல்லாம் கலப்படமற்றது ஆகிவிடாது.

தராசில் வைத்துப் பார்த்ததில்

குணமாகிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? ஒரு தட்டில் புதிய மருந்தையும், மறு தட்டில் பழைய மருந்தையோ வெறும் உப்புநீரையோ வைத்துப் பார்ப்பதுதான் வழி. மருத்துவ உலகம் அப்படித்தான் செய்கிறது.

1995-ல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வெளியான ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். டூஷென் என்னும் தசைச் சிதைவு நோய் ஆண் குழந்தைகளைத் தாக்கி, நடை தளர்ந்து, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிடும் கொடிய நோய். அந்த நோய் கண்ட 12 சிறுவர்களுக்கு ஒரு கையில் தசை வளர்க்கும் செல்லையும், மறு கையில் செல் இல்லாத வெறும் ஊசியையும் மாதம் ஒருமுறை ஆறு மாதம் போட்டார்கள். பின்னர் இரண்டு கைகளின் பலத்தையும் அளந்தார்கள். இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பெற்றோருக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்! ஆனால் உண்மை தெரிந்தது. ஒரே பிள்ளையின் இரண்டு கைகளையே தராசுத் தட்டாக்கியதால் யாரும் மறுக்க முடியவில்லை. இன்றும் இந்த நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோரிடம் செல் ஊசி பற்றிப் பேச வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டை விற்றாவது பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் தாய் தந்தையரிடம் விலை பேசுவது எளிது என்பதால்தான் அவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

முழங்காலுக்கு வருவோம். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சுமார் 475 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. எலும்பு மஜ்ஜைச் செல், கொழுப்புச் செல், தொப்புள் கொடிச் செல் ஆகிய மூன்றையும், எலும்பு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் போட்டு வரும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்ததில் மூன்று செல்களில் எதுவும் ஸ்டீராய்டு ஊசியைவிட மேலாக இல்லை. 2025-ல் காக்ரேன் என்னும் அமைப்பு உலகில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வலியில் சிறிதளவு குறைவு இருக்கலாம், அதற்கான ஆதாரமும் உறுதியற்றது என்று கூறியது.

அவருக்குப் பலித்ததே என்பார்கள்

இந்தச் சிகிச்சையின் பெயர் பரவியதற்கு விளையாட்டு வீரர்கள் ஒரு காரணம். பார்த்தோலோ கொலோன் என்பவர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் புகழ்பெற்ற பந்து வீச்சாளர். தோளும் முழங்கையும் கெட்டு 2010-ல் ஆட்டமில்லாமல் இருந்தார். அவ்வாண்டு தம் தாய்நாடான டொமினிக்கன் குடியரசில் மஜ்ஜையும் கொழுப்பும் எடுத்துச் செல் ஏற்றிக் கொண்டார். 2011-ல் நியூயார்க் அணியில் சேர்ந்து முன்போல் வேகமாகப் பந்து வீசினார். பத்திரிகைகள் வியந்து எழுதின.

ஆனால் கணக்கில் வேறு பற்றுகளும் இருந்தன. அவர் தோளுக்கும் கைக்கும் நீண்ட ஓய்வு கிடைத்திருந்தது. 2012-ல் தடை செய்யப்பட்ட டெஸ்டோஸ்டிரோன் மருந்து அவர் உடம்பில் இருப்பது சோதனையில் தெரிந்து, 50 ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். எது எந்த அளவுக்கு உதவியது என்று பிரித்தறிய ஒருவராலும் இயலாது. ஒருவருடைய கதையை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மூட்டு வலி ஏறும், இறங்கும் குணமுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியத்துக்கு ஓடுகிறோம். அதன்பின் தானாகவே கொஞ்சம் இறங்கும். வெளிநாடு போனவர் ஒரு வாரம் கடையை மறந்து ஓய்வெடுக்கிறார். தேகப்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார்கள். பெருந்தொகை கொடுத்த மனசு நல்லதையே எதிர்பார்க்கிறது. இவை எல்லாம் சேர்ந்து கிடைத்த சுகத்தை ஊசியின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.

நடந்த விபரீதங்கள்

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சிலர் நினைக்கலாம். அதுவும் சரியல்ல. 2018-ல் அமெரிக்காவில் தொப்புள் கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த சரக்கை மூட்டு, தோள், முதுகு ஆகிய இடங்களில் ஏற்றிக் கொண்ட 12 பேருக்குக் கடுமையான கிருமித் தொற்று உண்டாகி, அனைவரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அரசு அதிகாரிகள் சீல் உடைக்காத குப்பிகளை வாங்கிச் சோதித்தபோது அவற்றுக்குள்ளேயே கிருமி இருந்தது.

2022, 2023 ஆண்டுகளில் மெக்சிகோவில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு அமெரிக்கா திரும்பிய மூவருக்கு, சாதாரண மருந்துக்கு மசியாத ஒருவகைக் கிருமி தாக்கியது. அவர்களில் ஒருவர் முழங்கால் தேய்மானத்துக்காகவே போனவர். இத்தகைய கிருமிக்கு மாதக்கணக்கில் பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டும். பக்கவாதத்துக்காக சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் செல் ஏற்றிக் கொண்ட 66 வயது அமெரிக்கர் ஒருவரின் முதுகுத்தண்டில் கட்டி வளர்ந்ததையும், அந்தக் கட்டியின் செல்கள் அவருடையவை அல்ல, வேறு யாருடையவோ என்பதையும் 2016-ல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

குப்பியில் என்ன இருக்கிறது என்பதும் கேள்விக்குரியதே. அமெரிக்காவில் பனிக்குட நீரிலிருந்து எடுத்ததாக விற்கப்பட்ட சில தயாரிப்புகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஸ்டெம் செல் எதுவும் அவற்றில் கிடைக்கவில்லை.

விலையைக் கவனியுங்கள்

ஒரே தரச் சரக்குக்கு இரண்டு கடையில் ஐந்து சதவீதம் வித்தியாசம் இருந்தால் நம் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். 2018-ல் வெளியான கணக்கெடுப்பில், அமெரிக்காவில் ஒரு முழங்காலுக்கு ஸ்டெம் செல் ஊசி போட 273 கிளினிக்குகள் சொன்ன விலையைத் தொகுத்தார்கள். குறைந்த விலை 1,150 டாலர். அதிக விலை 12,000 டாலர். சராசரி 5,156 டாலர். ஒரே பெயருள்ள சரக்கு பத்து மடங்கு விலை வித்தியாசத்தில் விற்கிறது என்றால் அதற்குத் தரநிர்ணயம் இல்லை என்று நமக்குச் சொல்ல வேறு ஆள் வேண்டுமா?

எத்தனை பேருக்குக் குணமாகிறது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கிளினிக்குகள் சராசரியாக 100-க்கு 82 என்றன. இதே 82 என்ற எண் இன்னோரிடத்திலும் வருகிறது. செயற்கை முழங்கால் பொருத்தியவர்களின் அரசுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கணக்கில், முழு மூட்டு மாற்றியவர்களில் 100-க்கு 82 பேருக்கு 25 ஆண்டுகள் கழித்தும் அதே மூட்டு உழைக்கிறது என்று கண்டார்கள். எண் ஒன்றுதான். ஒன்று வாயால் சொன்னது. மற்றது ஆண்டுக்கணக்கில் பேரேட்டில் எழுதி வந்தது. எதை நம்பிக் கடன் கொடுப்போம் என்பது நமக்குத் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சென்ற ஆண்டு, பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் நம் மண்டிக்கு வந்தார். வயது ஐம்பத்து நாலு. படியேறவே சுவரைப் பிடித்துக் கொண்டுதான் ஏறினார். கையில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் விளம்பரப் புத்தகம்.

"அண்ணாச்சி, ரெண்டு காலுக்கும் சேத்து ஒம்பது லட்சம் கேக்காங்க. டிக்கெட், ரூம் எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்களாம். கிட்டங்கிப் பத்திரத்தை வச்சுப் பணம் பொரட்டலாமான்னு யோசிக்கேன்" என்றார்.

"தம்பி, ஒரு லோடு துவரம்பருப்பு வாங்கணும்னா நீ என்னல்லாம் கேப்பே?" என்று கேட்டோம்.

"சாம்பிள் கேப்பேன். எந்த ஊர்ச் சரக்கு, புதுசா பழசான்னு கேப்பேன். வந்து எறங்கினப்புறம் சரியில்லைன்னா யாரு பொறுப்புன்னு கேப்பேன்."

"அதையே அவங்ககிட்டயும் எழுதிக் கேளு."

இருவரும் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். டாக்டர் ஒருவர் அதைத் திருத்திக் கொடுத்தார். உறுப்பினர்கள் எடுத்து வைத்துக் கொள்ளும்படி அதை இங்கே தருகிறோம்.

1. இந்தச் செல் மருந்து, உங்கள் நாட்டு அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முழங்கால் தேய்மானத்துக்கென்றே அனுமதி பெற்றதா? அனுமதி எண் என்ன? (ஆஸ்பத்திரிக்குள்ள லைசென்சைக் காட்டினால் போதாது.)

2. செல் யாருடையது? என்னுடையதா, பிறருடையதா? எங்கே தயாரிக்கிறீர்கள்? எனக்குப் போடும் குப்பியின் லாட் எண்ணும், அதில் கிருமி இல்லை என்ற சோதனைச் சான்றும் தருவீர்களா?

3. வேறு மருந்தோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு எந்த மருத்துவ ஏட்டில் வந்திருக்கிறது?

4. இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது என்றால், எந்தப் பதிவேட்டில் பதிந்திருக்கிறீர்கள்? ஆராய்ச்சிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

5. ஊசி போடுகிறவர் எலும்பு மருத்துவரா? ஊர் திரும்பிய பின் கால் வீங்கினால் யாரைப் பார்ப்பது?

6. கிருமித் தொற்று வந்தால் அந்தச் செலவு யாருடையது? எழுதித் தருவீர்களா? வழக்கு என்றால் எந்த ஊர் நீதிமன்றம்?

7. இதுவரை வந்தவர்களில் பலன் இல்லாமல் போனவர் எத்தனை பேர்?

இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக, குணமடைந்தவர்கள் என்று இன்னும் நாலு பேரின் படம் வந்தது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் ஒரு லட்சம் தள்ளுபடி என்று ஏஜெண்டிடமிருந்து தகவலும் வந்தது. உறுப்பினர் அத்தோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு மதுரையில் எலும்பு மருத்துவரைப் போய்ப் பார்த்தார். இன்னும் முற்றிய தேய்மானம் இல்லை என்று சொல்லி எடைக் குறைப்பும் தொடைத் தசைக்கான பயிற்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு கிலோ குறைத்திருக்கிறார். கடையில் சம்மணமிடுவதை விட்டு நாற்காலி போட்டுவிட்டார். வலி போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, பாதியாகியிருக்கிறது என்கிறார். பத்திரம் பீரோவில் இருக்கிறது.

ஆறாவது கேள்வியை உறுப்பினர்கள் அலட்சியமாக எண்ண வேண்டாம். காசு வாங்கிக் கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று 1995-ல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் உள்ளூர் மருத்துவமனையில் தவறு நடந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாம். கடல் கடந்த ஊரிலுள்ள கிளினிக்கின் மீது அந்தப் பிடி நமக்குக் கிடையாது.

வெளிநாடு போவதே தவறா?

அப்படிச் சொல்ல மாட்டோம். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் தென் கொரிய அணிக்குப் பயிற்சியளித்துப் புகழ்பெற்ற ஹிடிங்க் என்ற நெதர்லாந்துக்காரர், 2014-ல் தம் முழங்காலுக்காகக் கொரியாவுக்கே சென்று ஸ்டெம் செல் சிகிச்சை செய்துகொண்டார். அவர் பெற்றது தொப்புள் கொடி ரத்தத்திலிருந்து தயாரித்த மருந்து. ஒப்பீட்டு ஆய்வுகள் நடத்தி, அந்நாட்டு அரசு 2012-ல் குருத்தெலும்புச் சிகிச்சைக்கென்று அனுமதித்தது. அதை வெறுமனே ஊசியாகப் போடுவதில்லை. அறுவை சிகிச்சை செய்து பழுதான இடத்தில் வைக்கிறார்கள். எந்த மருந்து, யார் அனுமதித்தது, எதற்கு அனுமதித்தது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் இருந்தது. நாம் கேட்பதும் அதைத்தான்.

நம் நாட்டின் நிலையையும் தெரிந்து கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, குறிப்பிட்ட ரத்த நோய் முதலியவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான ஆராய்ச்சியாக மட்டுமே நடத்தலாம். அத்தகைய ஆராய்ச்சிகள் அரசின் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். ஆராய்ச்சியால் உடலுக்குக் கெடுதல் நேர்ந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் தர 2019-ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. பெங்களூர்க் கம்பெனி ஒன்று மஜ்ஜைச் செல்லிலிருந்து தயாரித்த ஊசி மருந்துக்கு, முற்றிப்போகாத முழங்கால் தேய்மானத்துக்காக அரசு அனுமதி கிடைத்து, 2022-ல் அது விற்பனைக்கும் வந்தது. அது நமக்குப் பொருந்துமா, செலவுக்குத் தக்க பலன் இருக்குமா என்பதை எலும்பு மருத்துவரிடம் கேட்கலாம். அனுமதி பெற்ற மருந்து உள்நாட்டிலேயே இருக்கும்போது, அனுமதி இல்லாததைத் தேடிக் கடல் தாண்டுவானேன்?

முற்றிய தேய்மானத்துக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்காக வெளிநாட்டார் சென்னைக்கு வருகிறார்கள். செயற்கை முழங்காலின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்று வந்த பரவலான வகையின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைந்தது. எந்தச் சரக்குக்கு விலை கட்டப்பட்டிருக்கிறது, எதற்குக் கட்டப்படவில்லை என்பதையும் நோக்க வேண்டும்.

அதற்கு முந்திய நிலையில் இருப்பவர்களுக்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு. 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலின் மீது நாலு கிலோ சுமை குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வொரு அடிக்கும் இருபது கிலோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி, தரையில் உட்காருவதைத் தவிர்த்தல், மூட்டை தூக்கத் தள்ளுவண்டி, கல்லாவில் உயரமான நாற்காலி என்று நம் கடைக்குள்ளேயே செய்யக்கூடியவை பல. நம்மிடம் வேலை பார்க்கும் பையன்களுக்கும் இதே வசதியைச் செய்து கொடுத்தால் அவர்கள் முழங்கால் நம் வயதில் நம்மைப் போல் ஆகாது.

விஞ்ஞானம் வளரும். மூட்டை மீண்டும் வளர்க்கும் மருந்து ஒரு நாள் வரலாம். வந்தால் அது அனுமதி எண்ணோடும், ஆய்வு முடிவோடும், பொறுப்பேற்கும் ஆளோடும் வரும். அதுவரை, வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் கட்ட நினைக்கும் உறுப்பினர்கள் மேலே கண்ட ஏழு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, அதை உள்ளூர் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிய பின்னரே முடிவு செய்யுமாறு அன்போடு கேட்டுக் கொள்கிறோம். கேள்விக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத உதவி தேவைப்படுவோர் சங்க அலுவலகத்துக்கு மாலை வேளையில் வரலாம்.